உடனே வைப்பதா, உறைய வைத்துப் பிறகு வைப்பதா?

ஐ.வி.எஃப். என்னும் செயற்கைக் கருத்தரிப்புச் சிகிச்சையில், உடலுக்கு வெளியே உருவான கருவை, முட்டை எடுத்த ஐந்தாம் நாளிலேயே கருப்பைக்குள் வைத்துவிடலாம். அல்லது எல்லாக் கருக்களையும் உறைய வைத்து, ஓரிரு மாதவிடாய்ச் சுழற்சிகள் கழித்து வைக்கலாம். நாங்கள் இரண்டாவது வழியில் சென்றோம். இன்று கேட்டாலும் அதையே தேர்ந்தெடுப்போம்.

உடனே வைப்பதில் காத்திருப்பும் செலவும் குறைவு. உறைந்த கருவை மீட்கும்போது இழந்துவிடுவோமோ என்ற அச்சமும் இல்லை. அந்த அச்சம் எனக்கு நிறையவே இருந்தது. ஆனால், மெதுவாகக் குளிர்வித்த பழைய முறையில் பனிப்படிகங்கள் செல்களைச் சிதைத்ததுபோல் இப்போது நேர்வது அரிது. விட்ரிஃபிகேஷன் என்னும் அதிவேக முறையில் கரு கண்ணாடிபோல் இறுகி, மைனஸ் 196 டிகிரி செல்சியஸில் திரவ நைட்ரஜனுக்குள் காக்கப்படுகிறது; நல்ல ஆய்வகங்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் மீண்டு வருகின்றன. கரு வைத்த நாளன்று காலையில் திரையில் நாங்கள் பார்த்தது சுருங்கிப்போன ஒரு சிறு உருண்டை. சில மணி நேரத்தில் அதுவே நீரை உள்வாங்கி விரிந்து, உறைய வைத்தபோது எடுத்த படத்தில் இருந்ததுபோல் ஆகியிருந்தது.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது, நிறைய முட்டைகள் வளர்வதற்காகப் போடும் ஊசிகளுக்குச் சினைப்பைகள் அளவுக்கு மீறி எதிர்வினை காட்டும் சினைப்பை மிகைத்தூண்டல் என்னும் சிக்கல்தான். எனக்கு பி.சி.ஓ.எஸ். என்னும் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை உண்டு, எடுத்த முட்டைகளும் மிக அதிகம். முட்டை எடுத்த மூன்றாம் நாள் வயிறு உப்பி, குனிந்து செருப்பு மாட்ட முடியாத நிலையில், காலைதோறும் எடையையும் இடுப்புச் சுற்றளவையும் ஒரு தாளில் குறித்து வந்தேன். தூண்டப்பட்ட சினைப்பைகளை, கர்ப்பத்தின்போது சுரக்கும் எச்.சி.ஜி. ஹார்மோன் (முட்டை முதிர்வதற்காக இதை ஊசியாகவும் போடுவதுண்டு) எட்டும்போது இரத்த நாளங்களிலிருந்து நீர் கசிந்து வயிற்றில் தேங்குகிறது. அப்போதே கருவை வைத்து அது பதிந்துவிட்டால், கருவே எச்.சி.ஜி. சுரக்கத் தொடங்கும், நாம் வேண்டி நிற்கும் கர்ப்பமே அந்தச் சிக்கலை நீட்டித்து முற்ற வைக்கும். கரு வைக்காதபோது அது பெரும்பாலும் அடுத்த மாதவிடாய்க்குள் தணிந்துவிடும். எனக்கும் அப்படியே தணிந்தது. பி.சி.ஓ.எஸ். உள்ள 1,508 பெண்களிடம் சீனாவில் நடந்து 2016-ல் வெளியான ஆய்வில், உடனே வைத்தவர்களில் 7.1 விழுக்காட்டினருக்கு இச்சிக்கல் வந்தது. உறைய வைத்தவர்களில் 1.3 விழுக்காட்டினருக்கே வந்தது. குழந்தைப்பேறும் 42 விழுக்காட்டிலிருந்து 49.3 ஆக உயர்ந்தது.

அதே ஆய்வில் உறைநிலைக் கரு வைத்தவர்களிடம் கர்ப்பகால இரத்த அழுத்தச் சிக்கலான பிரீஎக்லாம்ப்சியா கூடுதலாகக் காணப்பட்டது என்பதையும் மறைக்கக் கூடாது. ஹார்மோன் மாத்திரைகளால் கருப்பையைத் தயார் செய்யும்போது, இயற்கையாக முட்டை வெளியேறிய பின் சினைப்பையில் உருவாகி ஹார்மோன் சுரக்கும் கார்பஸ் லூட்டியம் என்னும் திசு இல்லாதது இதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. எனக்குச் செய்தது மாத்திரை முறை. இயற்கைச் சுழற்சியில் கரு வைப்பதைப் பற்றி அனுபவத்தால் பேச எனக்குத் தகுதியில்லை. ஆனால் மாதவிடாய் ஒழுங்காக வருபவர்கள் அதைப் பற்றி மருத்துவரிடம் கேட்டுவிடுவது நல்லது. பி.சி.ஓ.எஸ். இல்லாமல், முட்டைகளும் அளவாகக் கிடைத்தவர்களுக்கு உடனே வைப்பதும் நல்ல தேர்வே; அத்தகைய 2,157 பெண்களிடம் நடந்து 2018-ல் வெளியான ஆய்வில் குழந்தைப்பேறு இரு முறைகளிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது.

உறைய வைப்பவர்கள் சேமிப்பு ஒப்பந்தத்தைக் காலந்தோறும் புதுப்பிக்க வேண்டும். எங்களில் ஒருவர் இறந்தாலோ நாங்கள் பிரிந்தாலோ மீதிக் கருக்களை என்ன செய்வது என்று ஒப்புதல் படிவம் கேட்டது. முட்டை எடுக்கும் நாளின் பதற்றத்தில் அதை நிரப்பினோம். அதற்கு முன்பே, வீட்டில் அமர்ந்து பேசி முடித்திருக்க வேண்டும்.