வயித்துப் பிடிப்பு மாத்திரையும் எதுக்களிப்பும்: டைசைக்ளோமினா, மெபெவெரினா, புதினா எண்ணெயா?

வயித்த முறுக்குதுன்னு மாத்திரை போட்டா வலி நிக்குது, ஆனா ராத்திரி படுத்தா புளிச்ச தண்ணி தொண்டை வரைக்கும் வருதுன்னு சொல்றவங்க, போட்ட மாத்திரை எந்த வகைன்னு முதல்ல பாக்கணும்.

டைசைக்ளோமின் ஆன்ட்டிகோலினெர்ஜிக் வகை, அதாவது தசைய சுருங்க வைக்கற, எச்சில் சுரக்க வைக்கற நரம்பு சிக்னல தடுக்கற மருந்து. குடல் தசைய தளர்த்துற மாதிரியே, உணவுக்குழாய்க்கும் இரைப்பைக்கும் நடுவுல வால்வு மாதிரி இருக்கற தசையையும் தளர்த்திடும், சாப்பாடு இரைப்பைய விட்டு இறங்கறதும் லேட்டாகும், இதுக்கு மேல வாய் வேற வறண்டுடும், எச்சில்ல இருக்கற பைகார்பனேட்தான் மேல ஏறி வந்த ஆசிட்டோட வீரியத்த தணிக்கறது, அதுவும் போச்சுன்னா உணவுக்குழாய் என்ன பண்ணும்? இந்த வகை மருந்து ஆசிட் சுரப்ப கொஞ்சம் கொறைக்கும்ங்கறது உண்மைதான், ஒரு காலத்துல அல்சருக்கே குடுத்தாங்க, ஆனா அது எதுக்களிப்புக்கு உதவும்னு நம்பிடாதீங்க. எதுக்களிப்பால உணவுக்குழாய் புண்ணாகி இருக்கறவங்களுக்கு இத குடுக்கக் கூடாதுன்னு அமெரிக்க லேபிள்லயே இருக்கு, க்ளாக்கோமா (கண் அழுத்த நோய்) இருக்கறவங்களுக்கும் அப்படித்தான்.

ஹையோசின் பியூட்டைல்புரோமைடும் இதே குடும்பம். மாத்திரையா போட்டா ரத்தத்துல ரொம்ப கம்மியாதான் சேரும், அதனால வாய் வறட்சி அவ்வளவா இருக்காது.

எதுக்களிப்பும் இருக்கு, ஐபிஎஸ் (குடல் எரிச்சல் நோய்) வலியும் இருக்குன்னா என் ஓட்டு மெபெவெரினுக்குத்தான். இது நேரா குடல் தசைல வேலை செய்யுது, ஆன்ட்டிகோலினெர்ஜிக் தொல்லை கிட்டத்தட்ட இல்ல. வழக்கமா 135 மில்லிகிராம் மூணு வேளை, சாப்பாட்டுக்கு 20 நிமிஷம் முன்னாடி. ஆனா நெஞ்செரிச்சல இது தீர்க்காது, அதுக்கு தனி வைத்தியம்தான்.

புதினா எண்ணெய் கேப்சூல் இயற்கைதானேன்னு நினைக்கறாங்க, எனக்கு இதுலதான் பயம் ஜாஸ்தி. புதினா எண்ணெய்ல இருக்கற மென்தால் அந்த வால்வு தசைய நல்லாவே தளர்த்தும், அதனாலதான் ஆசிட் இருக்கற இரைப்பைல கரையாம, குடலுக்குப் போய் கரையற கோட்டிங்கோட விக்கறாங்க, அந்த கேப்சூல கடிச்சு மெல்லக் கூடாது. எதுக்களிப்பு இருக்கறவங்க கையில எப்பவும் ஆன்டாசிட் (ஆசிட்ட தணிக்கற மருந்து) இருக்கும் பாருங்க, அத கூடவே போட்டா இரைப்பைல ஆசிட் கொறைஞ்சு கோட்டிங் அங்கேயே கரைஞ்சிடும், எண்ணெய் வெளிய வந்து நெஞ்செரிச்சல் இன்னும் கூடிடும்.

இன்னொன்னு, சில மாத்திரைல டைசைக்ளோமினோட மெஃபனமிக் ஆசிட்னு வலி மாத்திரையும் சேர்ந்தே இருக்கும், அது இரைப்பையவே புண்ணாக்கக் கூடியது, அட்டையோட பின்பக்கம் என்னென்ன மருந்து போட்டிருக்குன்னு படிச்சிட்டு, எதுக்களிப்பு இருக்குங்கறத டாக்டர்கிட்ட முதல்லயே சொல்லிடுங்க.