பிடியரிசியா, மாதச் சேர்மானமா, அறக்கட்டளையா?

செட்டிநாட்டில் ஊர்ப்பொதுவுக்குப் பணம் சேர்ப்பது புதிதன்று. தம்பதியை ஒரு புள்ளியாகக் கொண்டு வரி தண்டும் நகரத்தார் முறை கோயில்களைத் தாங்கி வந்திருக்கிறது. ஆனால் அந்த முறை ஒரு சமூகத்தின் எல்லைக்குள் நிற்பது. அன்னதானம், படிப்பு, மருத்துவம் போன்ற பொதுச் செலவுகளுக்குத் தெருவிலுள்ள எல்லாப் பெண்களும் சேர்ந்து கொடுக்க வேண்டுமென்றால் வேறு வழி தேட வேண்டும். பிடியரிசி, மாதச் சேர்மானம், அறக்கட்டளை என்ற மூன்றில் எது பொருந்தும் என்பதே கேள்வி.

பிடியரிசி, உலை வைக்கும்முன் ஒரு பிடியை எடுத்து வைப்பது. யாரிடமும் கேட்காமல் ஒரு பெண் கொடுக்கக்கூடியது என்பதே இதன் பெருமை. ஆயினும் பச்சரிசியும் புழுங்கலரிசியும் கலந்து வரும், நாள்பட்டால் வண்டு விழும். அன்னதானத்துக்கு உதவுமே தவிர, கல்லூரிக் கட்டணத்துக்கு உதவாது.

மாதச் சேர்மானத்தில் ஆளுக்கு ஒரே தொகை, கூட்டு வங்கிக் கணக்கு, இருவர் கையொப்பம். மருத்துவச் செலவு என்று வந்தால் அன்றே கொடுத்துவிடலாம். தொகை சமமாக இருப்பதால், வளவு (நடுமுற்றம்) வைத்த பெரிய வீட்டுக்காரியின் குரலும் வாடகை வீட்டுக்காரியின் குரலும் ஒன்றாகவே எடைபோடப்படும். பணம் தனிநபர்களின் பெயரில் கிடப்பதுதான் குறை. ஒருவர் காலமானாலோ ஊர் மாறினாலோ சிக்கல் வரும்.

அறக்கட்டளை அமைக்கச் சொல்வோர், நன்கொடை கொடுப்பவருக்குக் கிடைக்கும் வருமான வரிச்சலுகையை (80ஜி என்று அறியப்படுவது) காட்டுகிறார்கள். புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் பழைய முறையிலும் இல்லை. வருமான வரியே கட்டாத இல்லத்தரசிக்கு இதனால் என்ன லாபம்? மலேசியா, சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்ற உறவினரிடம் பணம் பெறுவதற்கோ, வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்கீழ் தனிப் பதிவோ முன்அனுமதியோ வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அறக்கட்டளையில் முடிவெடுப்பவர்கள் அறங்காவலர்களே. மாதாமாதம் கொடுப்பவள் வெறும் கொடையாளியாகிவிடுகிறாள்.

ஆகவே, தொடக்கத்தில் மாதச் சேர்மானமே போதும் என்பது என் கருத்து. நிலம், கட்டடம், வைப்புநிதி என்று சொத்து சேரும்போது பதிவு தேவைப்படும். அப்போதும் அறக்கட்டளையைவிட, 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் சங்கம் அமைப்பதே பொருத்தம். ஏழு பேர் இருந்தால் பதிவு செய்யலாம், ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் உறுப்பினர் ஒவ்வொருவரும் கணக்குக் கேட்கலாம், நிர்வாகிகளை வாக்களித்து மாற்றலாம்.