குளிரில் குறையில்லை, சொட்டுவதுதான் தீரவில்லை

2025 செப்டம்பர் 22 முதல் ஏசி மீதான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தாலும் குறைந்தது, என் மைத்துனர் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார்: "மாமா, உங்கள் வீட்டில் இருக்கிற அதே மாடலை வாங்கட்டுமா?" ஒன்றரை டன், இன்வெர்ட்டர், ஆர்32 கேஸ் என்பதெல்லாம் அவருக்கே தெரியும். வைத்துக் காலம் தள்ள முடியுமா என்பதுதான் கேள்வி.

குளிரூட்டுவதில் இதைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். சென்னைக் கத்திரி வெயிலில்கூட 26 டிகிரியில் வைத்து மின்விசிறியை மெதுவாக ஓடவிட்டால், நள்ளிரவில் போர்வையைத் தேட வேண்டியிருக்கிறது. அவுட்டோர் யூனிட் ஓடுகிறதா என்பதைக் காது கொடுத்துக் கேட்டால்தான் தெரியும். பழைய ஏசி இருந்தவரை கோடையில் இரண்டு மாத மின்கணக்கு 500 யூனிட்டைத் தாண்டும், கட்டணம் எகிறும். இப்போது பெரும்பாலும் அதற்குள்ளேயே நின்றுவிடுகிறது.

ஆனால் இன்டோர் யூனிட் சொட்டுகிறது. வலது ஓரத்தில் ஒரு துளி திரண்டு, சுவரோடு இறங்கி, கீழே புத்தக அலமாரியின் தலையில் விழுகிறது. அந்த இடத்தில் பெயின்ட் உப்பிவிட்டது. விரல் பட்டால் பொடியாக உதிர்கிறது.

சர்வீஸுக்கு வருகிறவர்களிடம் இதற்கு ஒரே பதில்தான்: "கேஸ் குறைந்திருக்கிறது சார்." ஓட ஓடத் தீர்வதற்கு அது பெட்ரோலா? மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றி வருவது. குறைகிறதென்றால் எங்கோ கசிகிறது, பெரும்பாலும் செம்புக் குழாய்கள் இணையும் நட்டுகளில். சோப்பு நுரை தடவிக் கசிவைக் கண்டுபிடிக்காமல் மறுபடி கேஸ் ஏற்றுவது பணத்தைக் காற்றில் விடுவதுதான். நியாயமாகச் சொன்னால், கேஸ் குறைந்தாலும் தண்ணீர் சொட்டலாம்: உள்ளே காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருளான காயிலில் பனி படியும், ஏசியை அணைத்ததும் அது உருகி, அடியில் தண்ணீர் பிடிக்கும் தட்டு கொள்ளாமல் வழியும். ஃபில்டரில் தூசி அடைத்தாலும் இதே கதை. முன்மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். பனியும் இல்லை, ஃபில்டரும் சுத்தம். மிச்சமிருப்பது தட்டுத் தண்ணீரை வெளியே வடிக்கும் டிரெயின் பைப் ஒன்றுதான்.

இந்த ஊர் ஈரக்காற்றில் ஓர் இரவுக்கு வாளிக்கணக்கில் தண்ணீர் வடியும். காயிலில் ஒட்டிய தூசியையும் அது கழுவிக்கொண்டு போவதால் பைப்புக்குள் வழவழவென்று அழுக்கு கட்டிவிடுகிறது. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, வெளியே பைப் முனையில் ஈரம் உறிஞ்சும் வாக்குவம் கிளீனரை வைத்து, இடைவெளியைத் துணியால் இறுக்கிப் பிடித்து இழுத்தால், கருஞ்சாம்பல் நிறத்தில் நுங்கு போல ஒரு கட்டி வழுக்கிக்கொண்டு வருகிறது. பின்னாலேயே தேங்கிய தண்ணீர் கடகடவென்று கொட்டுகிறது. பம்பு வைத்து உள்ளே ஊதுகிறவர்களும் உண்டு. அழுக்கு தட்டுக்கே திரும்பிப்போய் மறுபடி அடைக்கும். செடிக்கு ஊற்ற வாளியில் பிடிப்பவர்கள் பைப் முனை தண்ணீரில் மூழ்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூழ்கினால் காற்று அடைத்து உள்ளே தேங்கும்.

இத்தனைக்கும் அடிப்படை, பொருத்தியவர்களின் கைவண்ணம். டிரெயின் பைப்பை சன்ஷேடுக்கு மேலே ஏற்றி இறக்கியிருந்தார்கள். தண்ணீர் மேட்டில் ஏறும் என்பது அவர்கள் படித்த பாடம் போலும்! நிறுவனத்தைக் கேட்டால், பொருத்துவது தங்கள் பொறுப்பில் வராதாம். ஆளை அனுப்பியதே அவர்கள்தான். கடைசியில் தெருமுனை மெக்கானிக் ஒருவர் பைப்பை வெட்டிச் சரிவாக இறக்கிக் கொடுத்தார். சொட்டுவது பாதியாகக் குறைந்தது.

மீதிப் பாதிக்கு இயந்திரமே பொறுப்பு. இந்த மாடலில் தண்ணீர் தட்டு உடலோடு ஒட்டியே வருகிறது, தனியாகக் கழற்ற முடியாது. ஒழுங்காகக் கழுவ வேண்டுமென்றால் யூனிட்டையே சுவரிலிருந்து இறக்க வேண்டும். வடிவமைத்த மகானுபாவர் வீட்டில் தூசியே கிடையாது போல.

ஆகவே, குளிர், சத்தமின்மை, சிக்கனம் என்று இவ்வளவும் பாராட்டிய பிறகும் மைத்துனரிடம் வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கிறேன். தட்டைக் கழற்றிக் கழுவ முடிகிற மாடலாகப் பார்க்கட்டும். எதை வாங்கினாலும், மாட்டுகிறவர் ஏணியை விட்டு இறங்குமுன் ஒரு செம்புத் தண்ணீரைத் தட்டில் ஊற்றச் சொல்லி, வெளியே பைப்பில் அது முழுதாக வந்து விழுவதைப் பார்த்த பிறகு காசைக் கொடுக்கட்டும்.