கல்லடி மாலை நேர ஆங்கில வகுப்பு: ‘பிக் அப்’ ஒன்றுக்கே ஒரு முழுப் பாடம்

மட்டக்களப்பில் பேச்சு ஆங்கில வகுப்புகளுக்குக் குறைவில்லை. ஆனால் அவற்றுள் பல, ‘பிரேசல் வேர்ப்’ எனப்படும், வினையோடு சிறு சொல்லொன்று சேர்ந்து வரும் கூட்டு வினைகளை நூறு நூறாகப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு தமிழ்ச் சொல்லை எழுதி, மனனம் செய்யச் சொல்வதோடு நின்றுவிடுகின்றன. கல்லடியில் மாலை வேளையில் நடக்கும் ஒரு சிறிய வகுப்பு இந்த வழக்கத்தை விட்டு, ஒரு பாடத்துக்கு ஒரே ஒரு கூட்டு வினையை மட்டும் எடுத்துக்கொள்கிறது. வங்கி ஊழியர்களும், பாசிக்குடா விடுதிகளில் வேலை தேடும் இளைஞர்களும், சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் சில மாணவிகளும் ஒன்றாக அமர்ந்திருக்கிறார்கள்.

நான் இருந்த பாடம் ‘பிக் அப்’. பின்புறம் திறந்த வாகனத்தின் பெயராக மட்டுமே நம்மில் பலருக்குப் பழகிய இச்சொல், வினையாக வரும்போது எடுக்கும் வேடங்களை ஆசிரியை ஊர்ச் சூழலிலேயே வைத்துக் காட்டினார்: தரையில் விழுந்த திறப்பை எடுப்பது, புகையிரத நிலையத்தில் இறங்கும் விருந்தினரை வாகனத்தில் ஏற்றிவருவது, அடிக்கும் தொலைபேசியை எடுத்துப் பேசுவது, கச்சான் காற்று வலுப்பது, மழைக்காலம் கழிந்து பாசிக்குடாவில் வியாபாரம் மீண்டும் சூடுபிடிப்பது, சளி தொற்றிக்கொள்வது. இவை அனைத்தையும் ‘மேலெழுதல்’ என்ற ஒரே இழையில் கோக்க அவர் முயன்றது காற்றுக்கும் வியாபாரத்துக்கும் பொருந்தியது. சளிக்கு அவ்வளவாகப் பொருந்தவில்லை. ஒரு மொழியைக் காதால் கேட்டு, முறையான படிப்பின்றிப் பிடித்துக்கொள்வதையும் இதே வினை குறிக்கும் என்பதால், கட்டணம் செலுத்தி வகுப்பில் கற்ற ஆங்கிலத்துக்கு அது ஒத்துவராது என்று அவரே சொன்னபோது வகுப்பில் நல்ல சிரிப்பு.

பாடத்தின் மிகச் சிறந்த பகுதி சொல்லொழுங்கு பற்றியது. செயப்படுபொருள் பெயர்ச்சொல்லானால் ‘பிக்’, ‘அப்’ இரண்டுக்கும் நடுவிலும் வரலாம், பின்னாலும் வரலாம். ‘ஹேர்’ (அவளை), ‘இட்’ (அதை) போன்ற பிரதிப்பெயரானால் நடுவில் மட்டுமே வரவேண்டும். ‘பிக் ஹேர் அப்’ சரி, ‘பிக் அப் ஹேர்’ பிழை. ஏற்கெனவே அறிந்த ஒருவரைச் சுட்டும் பிரதிப்பெயர் பொதுவாக அழுத்தமின்றி ஒலிக்கும் என்பதையும், வாக்கியத்தின் இறுதி அழுத்தம் ‘அப்’ மீது விழுவதையும் கரும்பலகையில் கோடிட்டு, எல்லாரையும் உரக்கச் சொல்ல வைத்தார். வினை இரண்டு சொற்களாக எழுதப்படும், வாகனத்தின் பெயர் ஒரே சொல்லாகி முதல் அசையில் அழுத்தம் பெறும் என்ற வேறுபாடும் அப்போதே தெளிவானது.

குறைகளும் உள்ளன. கொடுக்கப்படும் அச்சுத்தாளில், ‘லுக் ஆஃப்டர்’ போன்று ஒருபோதும் பிரிக்க முடியாத வினைகள் பிரிக்கக்கூடியவற்றோடு குறிப்பேதுமின்றிக் கலந்து கிடக்கின்றன. அதை மட்டும் பார்த்து வீட்டில் படிப்பவர் நிச்சயம் தடுமாறுவார். அறிமுகமில்லாத ஒருவரைக் காதல் நோக்கில் அணுகிப் பழக்கம் பிடிப்பதையும் ‘பிக் அப்’ குறிக்கும் என்பது சொல்லப்படவேயில்லை. மாணவிகள் இருப்பதால் ஆசிரியை தயங்கியிருக்கலாம். ஆனால் வெளிநாட்டவருடன் நாள்தோறும் பேசவேண்டிய விடுதி ஊழியருக்கு அந்தப் பொருள் தெரிந்திருப்பது அவசியம்.

வினையோடு சிறு சொல்லொன்றைச் சேர்த்துப் பொருளை மாற்றும் இவ்வழக்கம் பிறமொழியினருக்கு மிகப் பெரும் இடர் தருவதென்று சாமுவேல் ஜோன்சன் 1755இல் வெளியிட்ட தமது அகராதியின் முன்னுரையிலேயே எழுதியிருக்கிறார். அந்த இடரை மெதுவாகக் கடக்க விரும்பும், பொறுமையுள்ள பெரியவர்களுக்கு இவ்வகுப்பைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். பரீட்சைக்குச் சில மாதங்களே உள்ள மாணவர்களுக்கு இந்த வேகம் போதாது. கட்டணத்தை வகுப்புக்கு வகுப்புச் செலுத்தலாம் என்பதால், ஒரு மாலை போய் அமர்ந்து பார்த்துவிட்டுத் தொடர்வதா என்று முடிவு செய்யலாம்.