2618 பிஸ்டனோடு 26,000 கிலோமீட்டர்

முதல் முறையாக இன்ஜின் பிரிக்கப் போகிற நண்பன் நேற்று ராத்திரி கேட்டான்: "ஃபோர்ஜ்டு பிஸ்டன் ரெண்டு வகை பாத்து வெச்சிருக்கேன். ஒண்ணு 2618, இன்னொண்ணு 4032. விலை கிட்டத்தட்ட ஒண்ணுதான். எதை வாங்கட்டும்?" 2618, 4032 இரண்டும் அலுமினியக் கலவைகளின் எண்கள்; ஃபோர்ஜ்டு என்றால் அச்சில் ஊற்றாமல் அழுத்தி உருவாக்கியது. ஒரு வார்த்தையில் பதில் சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனால் அவன் செலவழிக்கப் போகும் பணத்துக்கும் உழைப்புக்கும் ஒரு வார்த்தை போதாது. அதனால் முழுசாக எழுதுகிறேன்.

என்னுடையது டொயோட்டா 4ஏ-ஜிஇ இன்ஜின். 16 வால்வு, 1587 சிசி. 81 மி.மீ. போரை (சிலிண்டர் துளையை) 81.5 ஆக்கி, வால்வைத் திறக்க 264 டிகிரி கேம், 10.5 கம்ப்ரஷன் ரேஷியோ, பல அடுக்கு எஃகால் ஆன எம்எல்எஸ் ஹெட் கேஸ்கெட், ஹெட்டை பிளாக்கோடு இறுக்கும் ஹெட் ஸ்டட் என்று வீட்டிலேயே கட்டினேன். டர்போ கிடையாது. 7500 ஆர்பிஎம்முக்கு மேல் போவதும் கிடையாது. ஓடுவது பெரும்பாலும் ரோட்டில்தான். இதற்கு நான் தேர்ந்தெடுத்தது 2618 பிஸ்டன்.

குறை ஒன்றே ஒன்றுதான். காலையில் ஸ்டார்ட் செய்தால் தட்டுகிறது. டக் டக் டக் என்று, மரப்பலகையைச் சுத்தியலின் பிடியால் தட்டுகிற மாதிரி ஒரு வறண்ட சத்தம். நான்கு நிமிடம் போல இருக்கும். வாட்டர் டெம்பரேச்சர் முள் ஏற ஏறக் குறைந்து, நடுவுக்கு வருவதற்குள் நின்றுவிடும். முதல் வாரம் இது கான்ராட் (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கம்பி) பேரிங் என்றே நினைத்து நடுங்கினேன். ஆயில் ஃபில்டரைக் கழற்றி அறுத்து, உள்ளே இருந்த காகிதத்தை மடிப்பு மடிப்பாகப் பிரித்து வெயிலில் பிடித்துப் பார்த்தேன். மினுக்கும் துகள் ஒன்றுகூட இல்லை. அடுத்த இரண்டு ஆயில் மாற்றத்திலும் அதையே செய்தேன். ஒன்றும் இல்லை. பேரிங் சத்தம் என்றால் சூடாகி ஆயில் இளகும்போது கூடும். இது சூடானால் அடங்குகிறது. அப்படியானால் பிஸ்டன் ஸ்லாப், அதாவது பிஸ்டன் சிலிண்டர் சுவரில் மோதுகிற சத்தம்.

காரணம் உலோகத்தில் இருக்கிறது. 4032 கலவையில் சிலிக்கான் ஏறக்குறைய 12%. 2618-ல் சிலிக்கான் இல்லை என்றே சொல்லலாம். அதனால்தான் அது விரிசல் விடாமல் அடி தாங்குகிறது. அதனாலேயே சூட்டில் 15% போல அதிகமாகவும் விரிகிறது. விரிய இடம் வேண்டுமே, அதனால் சுவருக்கும் பிஸ்டனுக்கும் இடையே கூடுதல் கிளியரன்ஸ் விட்டாக வேண்டும். என் பிஸ்டனோடு வந்த தாள் சொன்னது 0.08 மி.மீ. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது அந்த இடைவெளியில் பிஸ்டன் சாய்ந்து சுவரில் மோதுகிறது. போதாக்குறைக்கு, கம்பெனி பிஸ்டனில் சத்தம் குறைவதற்காகவே, பிஸ்டனைக் கான்ராடோடு இணைக்கும் பின்னை மையத்திலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்திருப்பார்கள். நான் வாங்கிய பிஸ்டனில் அதுவும் இல்லை.

இது எனக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க முடியும். லேத் பட்டறைக்காரர் சொன்னார். நான்கு பிஸ்டனையும் வாங்கிக்கொண்டு, ஒவ்வொன்றின் ஸ்கர்ட்டையும் (பிஸ்டனின் கீழ்ப்பக்கச் சுவர்) மைக்ரோமீட்டரில் அளந்து, தலையில் மார்க்கரால் 1, 2, 3, 4 என்று எழுதி, அந்தந்த போரை அதனதன் பிஸ்டனுக்கு ஏற்ப ஹோனிங் (சாணைக்கல்லால் நுணுக்கமாகத் தேய்ப்பது) செய்து கொடுத்த மனிதர் அவர். பெட்டியைப் பிரித்ததுமே, "டர்போ போடப் போறீங்களா தம்பி?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப எதுக்கு இது?" என்றார். பலமானது நல்லதுதானே என்று நினைத்தேன். பலம் எதற்கு எதிராக என்று யோசிக்கவில்லை.

சரி, பிஸ்டனைக் குறை சொல்லவும் மனம் ஒப்பவில்லை. போன மாதம் வால்வு சீல் போய் நீலப்புகை வந்தது. மாற்றுகிற சாக்கில் ஹெட்டையே கழற்றிப் பார்த்தேன். மூன்று வருடம் தட்டிய சுவரில் ஹோனிங் செய்த குறுக்குக் கோடுகள் அப்படியே தெரிந்தன. விரல் நகத்தால் மேலும் கீழும் வருடினேன், நகம் எங்கேயும் இடறவில்லை. கழற்றும் முன் பார்த்த கம்ப்ரஷன் நான்கு சிலிண்டரிலும் 190-க்கும் 195 பிஎஸ்ஐக்கும் இடையே. ஸ்டட்களைத் துடைத்து, அதே தயாரிப்பாளரின் லூப்ரிகன்டைப் பூசி மறுபடியும் போட்டேன். மறுபடியும் போட முடிகிற அந்த ஸ்டட்கள் எனக்குப் பெரிய நிம்மதி.

இன்னொரு சந்தோஷம், ரிங் கேப்பை (பிஸ்டன் ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை) நானே ஃபைல் செய்தது. ரிங்கைப் போருக்குள் இறக்கி, பிஸ்டன் தலையால் மட்டமாகத் தள்ளி, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் விட்டு, வெளியே எடுத்து இரண்டு இழுப்பு ஃபைல், மறுபடியும் உள்ளே. 0.32 மி.மீ. வர ஒரு ரிங்குக்குக் கால் மணி நேரம் ஆனது. எட்டு ரிங். அந்தச் சனிக்கிழமையை மறக்க மாட்டேன். ஆயில் பம்ப், வாட்டர் பம்ப், சீல்கள் எல்லாம் கார் கம்பெனியுடையதே. அவற்றைப் பற்றி எழுத ஒன்றும் இல்லாதபடி வேலை செய்கின்றன.

ஆக, பிஸ்டன் தேயவில்லை, போர் தேயவில்லை, பவர் குறையவில்லை. ஆனாலும் நண்பனுக்கு நான் அனுப்பிய பதில் 4032. டர்போ இல்லாத ரோட்டு வண்டிக்கு அதன் பலமே தாராளம், கிளியரன்ஸும் குறைவாகப் போதும். எதுவானாலும் பிஸ்டன் கைக்கு வரும் முன் பிளாக்கைப் போர் செய்யக் கொடுத்துவிடாதே என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்கிறேன்.

ஹெட் கழன்று கிடந்தபோதே பிஸ்டனை மாற்றியிருக்கலாம். அந்தச் சுவரைப் பார்த்த பிறகு கை வரவில்லை. இன்று காலையும் நான்கு நிமிடம் தட்டியது. பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, அடங்கும்வரை பக்கத்திலேயே நின்றேன்.