கேஷ் தானாகப் புதுப்பிக்கட்டுமா, நாம் புதுப்பிக்கலாமா?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு வாசகசாலையின் உள்ளூர் வரலாற்றுத் தளத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். விக்கிப்பீடியா ஓடும் அதே மென்பொருளான மீடியாவிக்கியில் ஓடுகிறது, இடைமுகம் தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றிலும். பொத்தான், மெனு, பிழைச்செய்தி என எல்லா வாசகங்களையும் மீடியாவிக்கி மொழிவாரியாகத் திரட்டிக் கேஷில், அதாவது சட்டென்று எடுக்க வைத்திருக்கும் தற்காலிகச் சேமிப்பில், வைத்துக்கொள்ளும். மென்பொருளை மாற்றியதும் அந்தக் கேஷ் தானாகவே புதுப்பித்துக்கொள்ள விடலாம். அல்லது 'மேனுவல்ரீகேஷ்' என்ற அமைப்பை இயக்கிவிட்டு நாமே கட்டளை கொடுக்கலாம். நான் இப்போது இரண்டாவது கட்சி.

தானியங்கி முறையில் வேலையே இல்லை. கோப்புகளை ஏற்றினால் போதும், ஒவ்வொரு மொழியிலும் முதலில் வருபவர் சற்றுக் காத்திருப்பார், அவ்வளவுதான். எங்கள் மாதிரி சின்னத் தளத்துக்கு வேகம் ஒரு பிரச்சினையே இல்லை.

என்னை மாற்றியது கோப்புத் தேதி. வாசகக் கோப்பின் தேதி, கேஷில் குறித்த தேதியைவிடப் புதிதா என்றுதான் தானியங்கி முறை பார்க்கிறது. மீடியாவிக்கி 1.39லிருந்து 1.43க்குப் போன பிறகு ஒரு நீட்சியை (கூடுதல் வசதி தரும் துணை நிரலை) புதுப்பித்தேன். சரிப்படவில்லை, பழைய பதிப்பின் டார் கோப்பையே (ஒரே கட்டாகச் சேர்த்த கோப்புத் தொகுப்பை) திரும்பப் பிரித்துப் போட்டேன். டார் பழைய தேதியை அப்படியே வைத்துக்கொள்ளும். தேதி பின்னால் போனதால் கேஷ் அசையவில்லை. நிரல் பழையது, வாசகங்கள் புதியவை. மறுநாள் காலை வாசகசாலையிலிருந்து ஒரு பெரியவர் கூப்பிட்டார்: "தம்பி, தேடுற இடத்துல ⧼ ⧽னு என்னமோ கோணலா வருதே?" புதிய பதிப்பில் நீக்கப்பட்ட வாசகத்தின் பெயர்தான் அந்தக் குறிகளுக்குள் நின்றது. பிரவுசர் கேஷ் என்று நினைத்து ஒரு மணி நேரம் வீணாக்கினேன்.

இப்போது பதிப்பை ஏற்றினாலும் இறக்கினாலும், கேஷைத் திரும்பக் கட்டும் 'ரீபில்ட் லோக்கலைசேஷன் கேஷ்' நிரலை '--ஃபோர்ஸ்' சேர்த்து ஓட்டுகிறேன். தேதி எதுவானாலும் கவலையில்லை. மூன்று மொழி மட்டும் கொடுப்பதால் சீக்கிரம் முடிகிறது. ஆனால் ஆங்கிலத்தை விட்டுவிடாதீர்கள்: ஒருமுறை தமிழும் மலையாளமும் போதும் என்று நினைத்து, காலியாக இருந்த கேஷ் அடைவில் (ஃபோல்டரில்) கட்டினேன். ஆங்கிலக் கேஷ் இல்லை என்று தளமே படுத்துவிட்டது. ரூட்டாக (சர்வரின் முழு அதிகாரமுள்ள பயனராக) ஓட்டினால் கோப்பு அனுமதி சிக்கலும் வரும். வெப் சர்வரின் பயனராகவே ஓட்டுங்கள்.

மறதிதான் இதன் பலவீனம். சின்ன நீட்சி ஒன்றை மட்டும் மாற்றிவிட்டுக் கட்டளை கொடுக்காமல் போனால் பழைய வாசகமே நிற்கும். அதனால் ஏற்றுவது, கேஷ் கட்டுவது, பிஎச்பி சேவையை மறுதொடக்குவது மூன்றையும் ஒரே ஸ்கிரிப்டில் போட்டுவிட்டேன்.

எங்களுடையது ஒற்றை சர்வர். நாலைந்து சர்வர் வைத்திருப்பவர்களுக்குச் சொல்லும் அனுபவம் எனக்கில்லை. மாதத்துக்கு ஒருமுறைகூடத் தளத்தைத் தொடாதவர் என்றால் தானியங்கியிலேயே இருங்கள். பழைய பதிப்புக்குத் திரும்பும் நாளில் மட்டும் கேஷ் அடைவைக் காலி செய்துவிடுங்கள்.