இங்க்ஸ் ஏரிக்கரை: டென்ட்டா, ஆர்வியா, கேபினா?

ஆஸ்டினிலிருந்து வடமேற்கே ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே காரோட்டினால் பர்னெட் ஊர் வரும். அதைத் தாண்டி 29-ஆம் நெடுஞ்சாலையில் மேற்கே போய், இடப்பக்கம் பிரியும் பார்க் ரோடு 4-ல் இறங்கினால் இளஞ்சிவப்புப் பாறைகளுக்கு நடுவே தண்ணீர் மின்னும். அதுதான் இங்க்ஸ் லேக் ஸ்டேட் பார்க். 1950-இல் திறந்த பூங்கா. டென்ட், ஆர்வி (படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி), கேபின் என்று மூன்று விதமாகவும் இங்கே தங்கியிருக்கிறேன். டெக்ஸஸுக்குப் புதிதாகக் குடிவருகிற நண்பர்கள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: "மூன்றில் எது நல்லது?"

பகலை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. பகலில் எல்லாருக்கும் ஒரே ஏரி, ஒரே வெயில், ஒரே கயாக். டெவில்ஸ் வாட்டர்ஹோல் பாறையிலிருந்து தண்ணீரில் குதிக்கிற பையன், ராத்திரி எதில் படுத்தான் என்று யாருக்கும் தெரியாது. இரவு பத்து மணிக்கு மேல்தான் வித்தியாசமே தொடங்குகிறது. பூங்கா விதிப்படி பத்திலிருந்து காலை ஆறு வரை அமைதி நேரம். அந்த எட்டு மணி நேரம் எப்படிக் கழியும் என்பதை வைத்துத்தான் நான் மூன்றையும் எடை போடுகிறேன்.

முதலில் இந்த ஏரியைப் பற்றி ஒரு விஷயம். இது டெக்ஸஸின் கொலராடோ ஆற்றில் அடுக்கடுக்காக அணை கட்டி உண்டாக்கிய ஏரிகளில் ஒன்று. (கிராண்ட் கேன்யன் வழியாக ஓடுகிற கொலராடோ வேறு ஆறு.) மேலே புக்கானன் ஏரி, கீழே எல்பிஜே ஏரி, நடுவில் இது. இங்க்ஸ் அணை 1938-இல் முடிந்தது. தண்ணீரைச் சேமித்து வைக்கும் வேலை புக்கானனுக்கும் கீழே டிராவிஸுக்கும்தான். வறட்சி வந்தால் அவை இரண்டும் கரையை விட்டு வெகு தூரம் உள்வாங்கிவிடும். இங்க்ஸ் ஏரியில் மேலிருந்து வருவது அப்படியே கீழே போகும், மட்டம் ஏறக்குறைய மாறாது. "ஏரிக்கரை சைட்" (டென்ட்டோ ஆர்வியோ போட ஒதுக்கும் இடம்) என்று பணம் கட்டி எடுத்தால், இங்கே உண்மையாகவே கரையில் இருப்போம். டிராவிஸ் பக்கம் ஒரு வறட்சிக் காலத்தில் "லேக் வியூ" என்று போய், வெடித்த சேற்றைப் பார்த்துவிட்டு வந்தவள் நான். அதனால்தான் மறுபடி மறுபடி இங்கேயே வருகிறேன்.

சரி, டென்ட்.

இங்கே தரை மண் இல்லை, பாறை. நிலவியலில் இந்தப் பாறையை 'வேலி ஸ்பிரிங் நைஸ்' (Valley Spring Gneiss) என்று சொல்வார்கள், நூறு கோடி ஆண்டுகளுக்கும் பழையது. அதில் கலந்திருக்கும் ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம்தான் அந்த இளஞ்சிவப்பு நிறத்தைக் கொடுக்கிறது. பார்க்க அத்தனை அழகு, ஆனால் டென்ட் ஆணி இறங்காது. முதல் தடவை போனபோது நான்கு ஆணிகளை வளைத்துவிட்டோம். நவம்பர் மாதம், சாயங்காலம் வரை அரைக்கைச் சட்டையோடு இருந்தோம். பத்து மணி வாக்கில் வடக்கிலிருந்து குளிர்காற்று ஒன்று திடீரென்று இறங்கியது. இந்தப் பக்கத்துக்காரர்கள் அதை 'நார்தர்' என்பார்கள். டென்ட்டின் ஒரு மூலை தூக்கிக்கொண்டு படபடவென்று அடிக்க ஆரம்பித்தது. ஐஸ் பெட்டி ஒரு மூலை, தண்ணீர்க் கேன் ஒரு மூலை, மீதி இரண்டுக்கும் பாறாங்கல் என்று கயிற்றைக் கட்டி வைத்தோம். அன்றிலிருந்து ஆணி இல்லாமலே தானாக நிற்கிற டென்ட் மட்டும்தான். கல்லில் சுற்றிக் கட்ட நீளமான கயிறும் தனியாகக் கொண்டுபோகிறோம்.

ஆனால் அந்த ராத்திரியிலேயே, காற்று அடங்கியபின் மூன்று மணிக்கு எழுந்து வெளியே வந்தேன். பகல் முழுக்க வெயில் வாங்கிய பாறை, காலடியில் இன்னும் இளஞ்சூடாக இருந்தது. ஏரியில் ஏதோ மீன் துள்ளி விழுந்த சத்தம். அதுவரை கேட்காத தவளைகள். இதெல்லாம் டென்ட்டில் மட்டும்தான் கிடைக்கும். ஆர்வியில் ஏசி சத்தம் இதை முழுங்கிவிடும். கேபினில் சுவர் தடுத்துவிடும்.

டென்ட்டுக்கு எதிரி வெயில். ஜூலை, ஆகஸ்ட்டில் பகலில் 95 டிகிரி ஃபாரன்ஹீட்டைச் சாதாரணமாகத் தாண்டும், ராத்திரி ஒரு மணி வரை நைலான் துணிக்குள் காற்றே இருக்காது. குழந்தைகள் தூங்க மாட்டார்கள், நாமும் தூங்க மாட்டோம். கோடையில் டென்ட்தான் என்று பிடிவாதமாக இருந்தால், கரன்ட் உள்ள சைட்டை எடுங்கள். ஆர்விக்காக வைத்த மின்பெட்டிதான், ஆனால் டென்ட் போடுகிறவர்களும் எடுக்கலாம். வெளியில் பயன்படுத்தும் எக்ஸ்டென்ஷன் கார்டும் ஒரு டேபிள் ஃபேனும் இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. அக்டோபர் கடைசி முதல் ஏப்ரல் வரை என்றால் இந்தக் கவலையே வேண்டாம். மார்ச் கடைசியில் ரோடு இரண்டு பக்கமும் புளூபானட் பூத்துக் கிடக்கும் நேரம் என்றால் நான் வேறு எதையும் யோசிக்கவே மாட்டேன்.

இன்னும் இரண்டு எச்சரிக்கை. சாப்பாட்டை வெளியே வைத்துவிட்டுத் தூங்கினால் ரக்கூன் வந்து எடுத்துக்கொண்டு போகும். மூடியைக் கழற்றத் தெரிந்த விலங்கு அது. காலையில் செருப்பையும் ஷூவையும் ஒரு தடவை தட்டிவிட்டுக் கால் விடுங்கள், இது தேள் உள்ள ஊர்.

அப்புறம் ஆர்வி. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் வாடகைக்கு எடுக்கிறவர்கள் ஏமாந்துபோவது இதில்தான்.

நாங்கள் எடுத்தது ஓட்டுநர் இருக்கைக்கு மேலே ஒரு படுக்கை துருத்திக்கொண்டிருக்கும் 25 அடி வண்டி. 26,000 பவுண்டுக்குக் கீழே எடை என்பதால் டெக்ஸஸில் சாதாரண லைசென்ஸ் போதும். முதல் அரை மணி நேரம்தான் பயம். அதைவிட முக்கியம் உயரம். பதினோரு அடிக்குக் குறையாது, அதனால் காரிலிருந்தபடியே சாப்பாடு வாங்கும் டிரைவ் த்ரூவுக்குள் நுழைய நினைக்கவே கூடாது; பூங்காவுக்குள்ளும் தாழ்ந்த ஓக் கிளையைப் பார்த்து, ஒருவர் இறங்கி நின்று கை காட்டித்தான் பின்னால் எடுக்க வேண்டும். வாடகையை மட்டும் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். மைல் வரம்பு, ஜெனரேட்டர் மணிக்கணக்கு, சுத்தம் செய்யும் கட்டணம், காப்பீடு, காரைப்போல் மூன்று பங்கு குடிக்கும் பெட்ரோல், இத்தனைக்கும் மேலே சைட் வாடகை. இரண்டு ராத்திரிக்கு இந்தச் செலவு நியாயமே இல்லை. நான்கு ராத்திரி, ஆறு பேர் என்றால் யோசிக்கலாம்.

இங்கே ஆர்வி சைட்டில் தண்ணீரும் 30 ஆம்ப் மின்சாரமும் கிடைக்கும், கழிவுநீர்க் குழாய் கிடையாது. இந்த இரண்டு விஷயத்தையும் புரிந்துகொண்டால் பாதி சண்டை தவிர்க்கலாம்.

30 ஆம்ப் என்பது 120 வோல்ட்டில் 3,600 வாட். கூரை ஏசி ஓடினால் சுமார் 1,500 போய்விடும். மைக்ரோவேவ் இன்னொரு 1,500. இரண்டும் ஓடும்போது டீ போட எலக்ட்ரிக் கெட்டிலைத் தட்டினால் 4,500. படக்கென்று எல்லாம் நின்றுவிடும். எங்களுக்கு முதல் நாள் காலையிலேயே நடந்தது. அம்மா கையில் டம்ளரோடு இருட்டில் நிற்க, நான் ஒரு கையில் ஃபோன் வெளிச்சத்தோடு பிரேக்கர் எங்கே என்று படுக்கைக்கு அடியில் தேடிக்கொண்டிருந்தேன். கேஸ் அடுப்பில் டீ, இட்லிக்குக் கேஸ் அடுப்பு, ஏசியும் ஃப்ரிட்ஜும் மட்டும் கரன்ட்டில் என்று பிரித்துக்கொண்டபின் தொல்லை இல்லை.

கழிவுநீர் இன்னும் முக்கியம். கழிப்பறைக்கு ஒரு தொட்டி, பாத்திரமும் குளியலும் போய்ச் சேர ஒரு தொட்டி. எல்லாரும் முதலாவதைப் பற்றித்தான் கவலைப்படுவார்கள். நம் சமையலில் நிறைவது இரண்டாவதுதான். அரிசி களைந்த தண்ணீர், சாம்பார்ச் சட்டி, தோசை மாவு அப்பிய பாத்திரம், மூன்று வேளை டம்ளர். இரண்டாம் நாள் மத்தியானமே சிங்க்கில் தண்ணீர் எதிர்த்து வந்தது. அதுவும் எங்களுக்கு வண்டி கொடுத்தவர் முந்தைய ஆட்கள் விட்ட தண்ணீரைக் காலி செய்யாமலே கொடுத்திருந்தார். சாவி வாங்கும்போதே தொட்டி அளவைக் காட்டச் சொல்லுங்கள். தண்ணீரைத் தரையில் விடக் கூடாது. பூங்காவில் கழிவு கொட்டும் நிலையம் இருக்கிறது, வண்டியை அங்கே ஓட்டிப் போய்த்தான் கொட்ட வேண்டும். கையுறை போட்டு, கழிப்பறைத் தொட்டியை முதலில் திறந்து, அதற்கப்புறம் பாத்திரத் தொட்டியைத் திறந்தால் அந்தத் தண்ணீரே குழாயைக் கழுவிவிடும். வரிசையை மாற்றிச் செய்தால் அந்தக் குழாயைச் சுருட்டும்போது தெரியும். பாத்திரத்தை வெளியே ஒரு பேசினில் கழுவி, அந்தத் தண்ணீரைப் பூங்கா குறித்த இடத்தில் ஊற்றினால் தொட்டி நான்கு நாள் தாங்கும்.

இவ்வளவு தொல்லைக்கு ஆர்வி எதற்கு? அம்மாவுக்காக.

ஈரோட்டிலிருந்து வந்திருந்த அம்மாவுக்கு முழங்கால் வலி. ராத்திரியில் இரண்டு முறையாவது எழுந்திருப்பார். அதற்கு முந்தைய பயணம் டென்ட்டில்தான். "ஏங்கண்ணு, டார்ச் எங்க வெச்ச?" என்று தொடங்கி, டென்ட்டின் ஜிப்பைத் திறந்து, குனிந்து, என் தோளைப் பிடித்து எழுந்து, மேடு பள்ளமான வழியில் பொதுக் கழிப்பறைக்கு நடந்து திரும்ப இருபது நிமிடம் ஆனது. இரண்டாம் தடவை என்னை எழுப்பவே சங்கடப்பட்டு விடியும்வரை அப்படியே படுத்திருந்திருக்கிறார். காலையில் தான் சொன்னார். அதைக் கேட்டபின் மனசு ஆறவில்லை. ஆர்வியில் அவர் படுக்கையிலிருந்து கழிப்பறை நான்கு எட்டு. முதல் ராத்திரி முழுக்கத் தூங்கிவிட்டு, காலையில் கரையோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து கொக்கு பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நான்கு எட்டுக்காக மேலே சொன்ன எல்லாச் செலவையும் மறுபடி செய்வேன்.

கேபினைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இங்கே மொத்தம் 22. ஏசி, ஹீட்டர், அடுக்குக் கட்டில், பூட்டுகிற கதவு. படுக்கை விரிப்பு, தலையணை நாம்தான் கொண்டுபோக வேண்டும். சமையல் வெளியேதான், கழிப்பறை கிடையாது. பலர் 'கேபின்' என்ற சொல்லைக் கேட்டுவிட்டு மலையோரக் காட்டேஜ் மாதிரி நினைத்துக்கொண்டு வயதானவர்களை அழைத்துவந்துவிடுகிறார்கள். அம்மாவைப் போன்றவர்களுக்கு, ராத்திரி மூன்று மணிக்குக் கேபினும் டென்ட்டும் ஒன்றுதான். அதே டார்ச், அதே நடை. ஆனால் ஜூலையில் சின்னக் குழந்தைகளோடு போகிற இளம் பெற்றோருக்கு இதைவிட நல்லது இல்லை. ஏசியில் தூங்குவார்கள், வண்டி ஓட்டும் கவலை இல்லை, தொட்டி இல்லை, செலவும் ஆர்வி அளவு ஆகாது. மத்தியான வெயில் தாங்கவில்லை என்றால் அதே பார்க் ரோடு 4-ல் லாங்ஹார்ன் கேவர்ன் குகை இருக்கிறது. வருடம் முழுக்க உள்ளே 68 டிகிரி ஃபாரன்ஹீட்.

பக்கத்திலேயே தனியார் ஆர்வி பூங்காக்களும் உண்டு. கழிவுநீர்க் குழாய் சைட்டிலேயே கிடைக்கும், வைஃபை கிடைக்கும். ஆனால் வண்டிகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும், நடந்து போக இந்தப் பாறைகள் இருக்காது. நான் போக மாட்டேன்.

எதை எடுத்தாலும் புக்கிங்தான் உண்மையான போட்டி. தங்கும் இடத்தை ஐந்து மாதம் முன்னதாக எடுக்கலாம். வசந்தகாலச் சனிக்கிழமை கரையோர சைட் வேண்டுமென்றால், அந்த ஐந்து மாதக் கதவு திறக்கிற அன்றைக்கே உட்கார்ந்துவிட வேண்டும். தவறவிட்டால் ஞாயிறு முதல் வியாழன் வரை பாருங்கள், கூட்டமும் மோட்டார் படகுச் சத்தமும் பாதி. டெக்ஸஸ் ஸ்டேட் பார்க்ஸ் பாஸ் இருந்தால் காரில் வருகிற எல்லாருக்கும் நுழைவுக் கட்டணம் இல்லை. தங்கும் வாடகை தனி. 12 வயது வரை குழந்தைகளுக்கு நுழைவு இலவசம். கரையிலிருந்து தூண்டில் போட லைசென்ஸும் தேவையில்லை. விறகு பொறுக்கக் கூடாது, வாங்கித்தான் எரிக்க வேண்டும். வறட்சியில் நெருப்புத் தடை போட்டிருப்பார்கள், அதனால் கேஸ் அடுப்பு இல்லாமல் கிளம்பாதீர்கள்.

இப்போது நாங்கள் செய்வது இப்படி. அம்மா வருகிற வருடம் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கரன்ட் சைட். ஒன்றில் ஆர்வி, அதில் அம்மாவும் நானும். மற்றதில் டென்ட், அதில் என் வீட்டுக்காரரும் பிள்ளைகளும். வரைபடத்தைத் திறந்து கரையையும் கழிப்பறையையும் பார்த்து, டென்ட் சைட்டைக் கழிப்பறைப் பக்கமாகவும் ஆர்வியைத் தண்ணீர்ப் பக்கமாகவும் எடுப்போம். வண்டியை நிறுத்தும்போது வாசல் ஏரியைப் பார்த்திருக்கிறதா என்று மட்டும் ஒரு தடவை இறங்கிப் பார்த்துக்கொள்வேன். காலையில் அம்மா கதவைத் திறந்து முதல் படியிலேயே உட்கார்ந்து டீ குடிப்பார்.